மனசு உறுத்துவதும் பட்சி சொல்வதும் ஒன்றா?

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு ஒன்றே கால் ஏக்கர் காப்பித் தோட்டம். கடன் முற்றிவிட்டதால் அப்பா விற்கப் போகிறார். தோட்டத்துக்கு இருக்கிற ஒரே ஊற்று பிப்ரவரி கடைசியில் வற்றிவிடும்; மழை பிடிக்கும் வரை விலைக்கு வாங்கும் தண்ணீர்தான். வாங்க வந்தவர் இடத்தைப் பார்த்தது டிசம்பரில். அப்போது ஊற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. "கேட்டா சொல்லலாம்" என்கிறார் அப்பா. மகனுக்கு மனசு உறுத்துகிறது.

அத்தோடு அவர் இப்படியும் எழுதியிருக்கிறார்: "அந்த ஆளைப் பார்த்த முதல் நாளே இவர் சரியில்லை என்று உள்ளே பட்டது. முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கையில் தடியாக ஒரு தங்க பிரேஸ்லெட். பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் அரசு குறித்திருக்கும் கைடுலைன் மதிப்பை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார். இப்படிப்பட்டவரிடம் நாம் மட்டும் ஏன் அரிச்சந்திரனாக இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. இரண்டு குரலும் என் மனசாட்சிதானா? எதைக் கேட்பது?"

தம்பி, இரண்டும் ஒரே வாசலிலிருந்து வருகிற மாதிரி உங்களுக்குத் தெரிகிறது. நம் பேச்சு வழக்கு அவற்றை எப்போதோ பிரித்துவிட்டது. நான் செய்ததையோ செய்யப் போவதையோ பற்றி என்றால் "மனசு உறுத்துது", "மனசு கேக்கல" என்போம். அடுத்த ஆளைப் பற்றியோ நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றியோ என்றால் "பட்சி சொல்லுது", "எனக்கென்னமோ படுது" என்போம். செருப்புக்குள் கல் உறுத்தும், கண்ணில் விழுந்த தூசி உறுத்தும். உறுத்துவதெல்லாம் நம் உடம்போடு ஒட்டிய இடத்தில்தான். பட்சி அப்படியில்லை, அது வெளியே ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்கிற சாதி. பக்கத்து வீட்டுக்காரன் செய்த தப்பு எனக்குக் கோபத்தைத் தரும், அருவருப்பைத் தரும். என் மனசை உறுத்தாது.

ஊற்றைப் பற்றியது உறுத்தல். ஆளைப் பற்றியது பட்சி. ஒன்றை வைத்து இன்னொன்றை நீங்கள் அடைக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பட்சியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு.

நான் கல்லூரியில் இருபத்தாறு வருடம் தத்துவம் எடுத்தவன். பிறந்தது செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளி வேலைக்காரர் வீட்டில். அப்பாவின் கடை ஆறடிக்கு எட்டடி. பழைய வெள்ளியை வாங்கி உருக்கிப் பட்டறைகளுக்குக் கொடுப்பது தொழில். கொலுசு, தண்டை, அரைஞாண், உடைந்த குங்குமச் சிமிழ் என்று என்னென்னவோ வரும். ஒரு காப்பைக் கொடுத்தால் அப்பா முதலில் உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கிப் போடுவார். அப்புறம் பக்கத்திலிருக்கும் கருங்கல் பலகையில் ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் "அறுபத்தஞ்சு டச்" என்று, நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்பதைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் உரைகல்லும் ஆசிட்டும். "அதான் தெரிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்குப்பா உரைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "கைக்குத் தெரிஞ்சது கல்லுக்கும் தெரியட்டும்" என்றார்.

பத்துக்கு ஒன்பது தடவை கை சொன்னதைத்தான் கல்லும் சொல்லும். நான் அதை மந்திரம் என்று நினைத்திருந்த வயது.

ஒரு பங்குனி மாத மத்தியானம் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். சட்டை கிடையாது, தோளில் ஒரு துண்டு. மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜோடிக் கொலுசை எடுத்து வைத்தான். அப்பா கொலுசைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார். "எங்கடா எடுத்த?" "அம்மாவோடதுங்க." "அப்ப அம்மாவைக் கூட்டிட்டு வா." பையன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கொலுசைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். "திருட்டு மால். பட்சி சொல்லுச்சு" என்றார் அப்பா என்னிடம், ஏதோ தொழில் கற்றுக்கொடுக்கிற தோரணையில். மூன்று நாள் கழித்து, உலைக்குக் கரி கொண்டுவருபவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பையனின் அம்மா அதற்கு முந்தைய வாரம் இறந்து போயிருந்தாள். கருமாதிச் செலவுக்குத்தான் கொலுசை எடுத்து வந்திருக்கிறான். அப்பா அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே கடையைச் சாத்திவிட்டார்.

ஒரே மனிதர், ஒரே மாதிரி உறுதி. வெள்ளியில் சரியாகப் போனது ஆளிடம் ஏன் தப்பியது? வெகு காலம் கழித்துப் பாடம் நடத்தும்போதுதான் எனக்கு விளங்கியது. கைக்கு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பரீட்சை இருந்தது. உருக்கிச் சுத்தம் செய்து எடை போடும்போது, காலையில் போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தப்பென்றால் கைக்காசு போகும். முப்பது வருடம் அப்படி அடிபட்டு அடிபட்டுத் தேறிய கை அது. ஆளை எடை போடும் பட்சிக்கு ஒருநாளும் பரீட்சை கிடையாது. விரட்டப்பட்டவன் திரும்பி வந்து "ஐயா, நீங்க நினைச்சது தப்பு" என்று சொல்லப் போவதில்லை. கரிக்காரர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கு ஒரு திருடனைத் துரத்திவிட்டதாகவே அப்பா கடைசி வரை நம்பியிருப்பார். அந்தக் கணக்கில் அவருக்கு இன்னொரு வெற்றி சேர்ந்திருக்கும்.

உளவியலில் இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. டேனியல் கானமன் உள்ளுணர்வின் ஓட்டைகளைக் காட்டியே பேர் வாங்கியவர். கேரி கிளைன் தீயணைப்பு வீரர்கள் மாதிரி அனுபவசாலிகளின் உள்ளுணர்வைப் பாராட்டி எழுதியவர். எதிரெதிர்க் கட்சிக்காரர்களான இருவரும் சேர்ந்தே 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் என் அப்பாவின் கடைக்கு அப்படியே பொருந்தும். எந்தத் துறையில் விஷயங்கள் ஓர் ஒழுங்கில் நடக்கின்றனவோ, செய்த தப்பு சீக்கிரம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறதோ, அங்கே பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். மற்ற இடங்களில், எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

கிளைன் எழுதியதில் இன்னொன்றும் உங்களுக்கு உதவும். ஒரு வீட்டின் பின்கட்டுச் சமையலறையில் தீ. வீரர்கள் உள்ளே நின்று தண்ணீர் அடிக்கிறார்கள், தீ அடங்கவில்லை. அவர்களுடைய அதிகாரிக்கு என்னவோ பட்டது. எல்லோரும் வெளியே வாங்க என்றார். வெளியே வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தளம் இடிந்து விழுந்தது. தீயின் அடி அதற்குக் கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. அந்த அதிகாரி அதை ஏதோ ஞானதிருஷ்டி என்றே நினைத்திருந்தார். உட்கார வைத்துத் துருவிக் கேட்டபோதுதான் விவரம் வந்தது: சமையலறைத் தீக்கு அந்த அறை அளவுக்கு மீறிச் சுட்டது, அவ்வளவு சூட்டுக்குச் சத்தம் போதவில்லை, தண்ணீருக்கும் தீ மசியவில்லை. பட்சி சும்மா சொல்லவில்லை. அது கண்டதை வாய்க்குக் கொண்டுவர அவருக்கு நேரம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே பட்சி பேசினால், "என்னத்தைப் பார்த்தாய்?" என்று அதைக் கேட்கலாம். நீங்கள் எழுதியதை வைத்தே கேட்டுப் பார்ப்போம். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இருக்கட்டும், என் மாமனாரும்தான் யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. அவரை நம்பிப் பத்து லட்சம் கொடுக்கலாம். பிரேஸ்லெட். அது அவர் ரசனை. என் அப்பா பார்த்த சட்டையில்லாத உடம்புக்கும் நீங்கள் பார்த்த பிரேஸ்லெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாவதாகப் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பாதி ரொக்கம், பத்திரத்தில் குறைத்த மதிப்பு. சரக்கு உள்ளது இது ஒன்றில்தான். வருமான வரிச் சட்டப்படி, நிலம் வீடு விற்பவர் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. உண்மையான விலையை மறைத்துப் பத்திரம் எழுதுவது முத்திரைத்தாள் கட்டணத்தில் அரசை ஏமாற்றுவது. அதில் மாட்டினால் அவர் மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட உங்கள் அப்பாவும் பதில் சொல்ல வேண்டும். பட்சி இதைக் கண்டுதான் சிறகடித்தது என்றால் அது நல்ல பட்சி.

ஆனால் தம்பி, ஒன்றைக் கவனித்தீர்களா? ஊற்றுக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். ரொக்க விஷயத்தை அந்த ஆளின் குணத்துக்கு அடையாளமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளப் போவது உங்கள் வீடு. அது ஏன் உங்களை உறுத்தவில்லை? உங்களைக் குத்திக்காட்ட இதைக் கேட்கவில்லை. நான் வீட்டு மனை வாங்கிய காலத்தில் எனக்கும் உறுத்தவில்லை. ஊரே செய்கிற தப்பு யாரையும் உறுத்தாது. உறுத்தலுக்கு அக்கம்பக்கம் வேண்டும்; நாலு பேர் முகம் சுளித்தால்தான் அதற்கு முள் முளைக்கிறது.

இதிலிருந்து மனசாட்சியின் பெரிய சங்கடத்துக்கு வருகிறோம். உறுத்த வேண்டிய இடத்தில் அது சில சமயம் தூங்குகிறது. உறுத்தக் கூடாத இடத்தில் சில சமயம் அலறுகிறது.

என் அப்பத்தா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் மிச்சச் சில்லறை அதிகம் வந்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூர் வார ஒருவர் வந்தார். மேலே ஏறி வந்து தண்ணீர் கேட்டார். நான் உள்ளே ஓடிப் போய், நாங்கள் குடிக்கிற பித்தளைச் சொம்பிலேயே மொண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். அப்பத்தா பார்த்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. தூர் வார வந்தவர் போன பிறகு சொம்பை எடுத்துப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தார். அப்புறம் அடுப்புத் தணலில் வைத்து வாட்டினார். ராத்திரி சாப்பிடவில்லை. "தெரியாத பிள்ளை பண்ணிட்டான், நான் பாத்துக்கிட்டு நின்னுட்டேனே" என்று இருட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அது நடிப்பில்லை. அசல் உறுத்தல், உங்களுக்கு இப்போது இருப்பது மாதிரியே. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி பெரியார் தலைமையில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். அந்த மாநாட்டுச் சத்தம் கேட்ட ஊரில்தான் அப்பத்தா குடியிருந்தார். காதில் விழுந்திருக்கும், நெஞ்சில் ஏறவில்லை. ஒரு மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது அவருக்குப் பாவமாக வலித்தது. அந்த ஆளுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வலி உண்மை, அது சொன்ன செய்தி பொய். இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் அந்தத் தணலருகே பார்த்துவிட்டேன். அதனால்தான் "மனசாட்சிப்படி நட" என்று யாராவது அறிவுரை சொன்னால், யாருடைய மனசு, எந்தத் தெருவில் வளர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். மனசாட்சி தப்பாகவே சொன்னாலும் அதை மீறுவது பாவம் என்றார். தப்பென்று நம்பியதைச் செய்கிறோமே. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்ட குற்றம் அதனால் போய்விடாது என்றும் சேர்த்தார். மனசாட்சியைக் கேட்பது ஒரு கடமை, அதற்குப் படிப்பு சொல்லிக்கொடுப்பது இன்னொரு கடமை. அப்பத்தாவுக்கு அந்தப் படிப்பை யாரும் சொல்லித்தரவில்லை என்பேனா, காதில் விழுந்தும் ஏற்கவில்லை என்பேனா? அவரிடம் வளர்ந்தவன் நான், என்னால் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மனசாட்சி என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது சாட்சி. திருக்குறளில் வாய்மை அதிகாரத்தில் வருகிற "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்பதற்குப் பரிமேலழகர் உரை சொல்லும்போதும் நெஞ்சைக் "கரி" என்கிறார். கரி என்றால் பழந்தமிழில் சாட்சி. சேலம் கோர்ட்டுக்கு ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். சாட்சி சொன்னதும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. நீ எங்கே நின்றாய், வெளிச்சம் இருந்ததா, உனக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு உண்டா என்று கேட்பார்கள். சாட்சியை விரட்டிவிடவும் மாட்டார்கள், சாட்சியைத் தூக்கி நீதிபதி நாற்காலியில் வைக்கவும் மாட்டார்கள்.

இந்தக் குறளில் எனக்குப் பிடித்த சொல் "அறிவது". நெஞ்சு சொல்வது, நெஞ்சுக்குத் தோன்றுவது என்று வள்ளுவர் எழுதவில்லை. நெஞ்சு அறிவது. உங்கள் நெஞ்சு அறிவது என்ன? ஊற்று பிப்ரவரியில் வற்றும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், குடம் தூக்கியிருக்கிறீர்கள். வாங்க வருபவர் ஏமாற்றுக்காரர் என்பது உங்கள் நெஞ்சு அறிந்ததா? அது நெஞ்சுக்குப் பட்டது மட்டும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது முதல் கேள்வி, இதில் உனக்கு என்ன ஆதாயம் என்பது. உங்கள் உறுத்தல் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கு நஷ்டம், விலை குறையும். உங்கள் பட்சி பேசுவதைக் கேட்டால் லாபம்; வாயை மூடிக்கொண்டு முழு விலையை வாங்கலாம். ஆதாயமுள்ள சாட்சியைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பட்சி முதல் நாளே பேசியது என்கிறீர்கள். அன்றைக்கே நம்பியிருந்தால் விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருப்பீர்கள். சொல்லவில்லை. டீ கொடுத்து எல்லையைச் சுற்றிக் காட்டியிருக்கிறீர்கள். உறுத்தல் ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பழைய பட்சி ஞாபகத்துக்கு வந்திருக்கிறது, உறுத்தலின் வாயை அடைக்க.

மனசு இப்படி வேலை செய்வது புதிதில்லை. காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை முதலில் பார்க்கிறான், மனம் போய்விடுகிறது. முனிவர் ஆசிரமத்துப் பெண், தான் மணக்கத் தகுந்தவளா என்று உள்ளே சந்தேகம். உடனே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறான்: சந்தேகமான விஷயங்களில் நல்லவர்களின் உள்ளம் போகிற போக்கே பிரமாணம். அழகான வாக்கியம், பல பேர் பெரிய தத்துவமாக எடுத்தாண்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். தன்னை நல்லவன் என்று அவனே வைத்துக்கொண்டான், ஆசைக்குப் பிரமாணம் என்று பேரும் வைத்துவிட்டான். மனுஸ்மிருதி, அந்த நூலோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அதுகூட அறத்துக்கு ஆதாரங்களை வரிசைப்படுத்தும்போது தன் மனசுக்குத் திருப்தியாக இருப்பதைக் கடைசியில்தான் வைத்தது.

சாக்ரடீஸிடம் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. தனக்குள் ஒரு குரல் சின்ன வயதிலிருந்தே கேட்கிறது என்று விசாரணை மன்றத்தில் சொன்னார். அந்தக் குரல் எப்போதும் தடுக்க மட்டுமே செய்யும், இதைச் செய் என்று ஒருபோதும் ஏவாது. எனக்கு இது ரொம்ப நாளாக நம்பிக்கையான அளவுகோலாக இருக்கிறது. "வேண்டாம்" என்கிற குரலைவிட, "பரவாயில்லை, செய்" என்கிற குரலை இரண்டு மடங்கு விசாரிக்கிறேன். இதிலும் விலக்கு உண்டு. என் மாணவி ஒருத்தி, யாருக்கோ மனம் நோகச் சொல்லிவிட்டோமோ என்று ஒரே ஆளிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" சொல்லும் மனசு அது. அதற்கு வேண்டியது விசாரணை இல்லை, வைத்தியம். உங்கள் கேள்வியில் அந்த வாடை இல்லை.

உட்குரல் என்றதும் காந்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1933 மே 8 அன்று அவர் தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதம் உட்குரலின் கட்டளை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதோடு, நீண்ட காலக் கட்டுப்பாட்டில் பழகாதவர்கள் அப்படி ஒரு குரல் கேட்டதாகச் சொல்லக் கூடாது என்றும் எச்சரித்தார். அந்த மனிதரே தன் மனசாட்சியின் காவலர் என்று இன்னொருவரைக் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். அவர் நம்மூரில் வக்கீல் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. காவலர் தலையாட்டியாகவும் இருக்கவில்லை. 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் தப்பு என்று சொல்லிக் காங்கிரஸை விட்டே விலகி நின்றார். ராஜாஜி செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன், அவருடைய 1953 கல்வித் திட்டத்தை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் உட்குரல் கேட்கிற ஒருவருக்கே, "எனக்கு அப்படிப் படவில்லையே" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு ஆள் தேவைப்பட்டது. உங்களுக்கு அப்படி ஒருவர் உண்டா? இந்த விற்பனையில் காசு லாபம் இல்லாதவராக, உங்கள் அப்பாவிடம் பயம் இல்லாதவராக?

இனி அப்பாவின் "கேட்டா சொல்லலாம்". அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அவர் பொய் சொல்லப் போவதாகச் சொல்லவில்லை. கடன், வயது, பிள்ளைகள் எல்லாவற்றையும் தோளில் வைத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறார். இதே கோட்டை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே போட்டு வாதாடியிருக்கிறார்கள். ரோமாபுரியின் சிசரோ கி.மு. 44-ல் தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வீட்டு விற்பனை வருகிறது. வீட்டில் வெளியே தெரியாத குறைகள் உண்டு, உடையவனுக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? டயோஜெனிஸ் என்ற தத்துவாசிரியர் உங்கள் அப்பா கட்சி: வாங்கு என்று அவன் கட்டாயப்படுத்தவில்லையே, வாங்குபவனுக்குக் கண் இல்லையா? அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் உங்கள் கட்சி: வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம், தெரிந்தே ஒருவனைத் தப்பான வழியில் விடுகிறாய். சிசரோ ஆண்டிபேட்டர் பக்கம் சாய்ந்தார். சும்மா வாய் மூடியிருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது, ஆனால் தெரிய வேண்டியவருக்குத் தெரியாமல் இருக்கட்டும், நமக்கு அதில் லாபம் என்று விரும்பினால் அது மறைப்பதுதான் என்று பிரித்தார். உங்கள் வீட்டில் அந்த விருப்பம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். டிசம்பரிலேயே பத்திரத்தை முடித்துவிடலாம் என்று யாராவது அவசரப்பட்டார்களா?

நம் சட்டமும் இதில் ஊமையாக இல்லை. 1872-ன் ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாக வெறும் மௌனம் மோசடி ஆகாது. அப்பாவுக்கு அது ஆறுதல். ஆனால் நிலம், வீடு விஷயத்தில் 1882-ன் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவில் விற்பவர் மேல் ஒரு கடமையை வைத்திருக்கிறது. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் தளும்பும் ஊற்றைப் பார்த்து யாருக்கு மார்ச் தெரியும்? காப்பிக்குத் தண்ணீர் முக்கியமில்லை என்று மலையில் யாரும் சொல்லப் போவதில்லை. பத்திரம் எழுதுவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஊற்றுக் கதையையும் சொல்லுங்கள். ரொக்கக் கதையையும்தான்.

அப்பாவிடம் பேசும்போது மனசாட்சி, அறம் என்று ஆரம்பிக்காதீர்கள். மகன் தன்னைவிட யோக்கியன் என்று நிரூபிக்க வந்திருக்கிறான் என்று அவருக்குப் படும். வேறு ஒன்று கேளுங்கள்: "இந்த இடத்தை வாங்குறது நம்ம மாமாவா இருந்தா, ஊத்தைப் பத்திச் சொல்லியிருப்பீங்களாப்பா?" பதில் "பின்னே, சொல்லாம இருப்பனா" என்றுதான் வரும். அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். இரண்டு நாள் ஆகட்டும்.

விலை எவ்வளவு குறையும் என்ற பயம் நியாயமானது. ஒரு தொட்டி கட்டி மழைத் தண்ணீரைத் தேக்க என்ன செலவாகும் என்று ஒரு மேஸ்திரியிடம் கணக்குக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் குறை இருக்கிறது, சரிசெய்ய இவ்வளவு ஆகும்" என்று சொன்னால் பேரம் அந்தத் தொகையைச் சுற்றி நிற்கும். குறையை மட்டும் சொன்னால் அவர் பாட்டுக்கு இறக்கிக்கொண்டே போவார். அவர் ரொக்கம் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று போய்விட்டால், உங்கள் பட்சியும் ஒரு பரீட்சையில் தேறியதாக வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி கடைசியில் அவரை இன்னொரு தடவை மேலே வரச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த களைப்புக்கு முதலில் காப்பி கொடுங்கள், உங்கள் தோட்டத்துக் காப்பியாக. பிறகு ஊற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். அப்பா முன்னால் போகட்டும், அவரே சொல்லட்டும்.